நாய்களுக்கான ஆராய்ச்சிக்கு நன்கொடை: உங்க ₹25,000 எங்கே போகுது, வரியில எவ்வளவு குறையும்?



போன மாசம் நம்ம செங்கல்பட்டு ஆபீஸுக்கு ஒரு பொண்ணு வந்திருந்தாங்க. மகேந்திரா சிட்டியில வேலை, வருஷ சம்பளம் ₹11 லட்சம். வழக்கமா இந்த சீசன்ல வர்றவங்க கேட்கிறது "சார், எச்ஆர்ஏ ப்ரூஃப் லேட்டாயிடுச்சு, என்ன பண்றது"ன்னுதான். இவங்க கேட்டது வேற. மாமல்லபுரம் கடற்கரையில குட்டியா இருக்கும்போது எடுத்துட்டு வந்து ஆறு வருஷம் வளர்த்த நாய், ஜனவரியில இறந்துபோச்சு. உண்ணிக் காய்ச்சல். மூக்குல ரத்தம் வந்த பிறகுதான் தெரிஞ்சிருக்கு. வைத்தியத்துக்குன்னு எடுத்து வச்ச பணத்துல ₹25,000 மிச்சம். "இதுக்கு ஒரு தடுப்பூசி ஏன் இல்ல சார்? யாராவது ஆராய்ச்சி பண்றாங்கன்னா இந்தப் பணத்தை அவங்களுக்கே கொடுத்துடறேன். வரியிலயும் குறையும்னு சொல்றாங்களே?"

கையில ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டும் வச்சிருந்தாங்க. அதுக்குக் கடைசியில வர்றேன். முதல்ல அவங்க கேட்ட கேள்விக்கே பதில் தேடுவோம். அது கால்நடை மருத்துவத்துல கேட்கிற கேள்வி மாதிரி இருந்தாலும், பாதிக்கு மேல நிதிக் கேள்விதான்.

ஏன் தடுப்பூசி இல்ல?

நாய்க்கு வர்ற உண்ணிக் காய்ச்சலை டாக்டர்கள் எர்லிக்கியோசிஸ்னு சொல்வாங்க. பழுப்பு நிற நாய் உண்ணி கடிச்சு ரத்தத்துல பாக்டீரியா ஏறும், பிளேட்லெட் இறங்கும். சீக்கிரம் கண்டுபிடிச்சா டாக்சிசைக்ளின் மாத்திரையில சரியாகும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம்ம கடற்கரைப் பகுதியில உண்ணிக்கு வருஷம் முழுக்க சீசன்தான். ஆனா சந்தையில வாங்கக்கூடிய தடுப்பூசி இன்னும் வரல. அறிவியல் காரணங்கள் இருக்கு, இந்தக் கிருமிக்குத் தடுப்பூசி செய்றது சுலபம் இல்ல. கூடவே பணக் காரணமும் இருக்கு.

மருந்து நிறுவனம் எங்க லாபம் வருமோ அங்க முதலீடு பண்ணும். அரசாங்கம் கால்நடை ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும்போது மாடு, ஆடு, கோழிதான் முதல்ல வரும், ஏன்னா அது விவசாயியோட வருமானம். நாய் பால் தராது. அதனால நாயோட நோய் மனுஷனைத் தொடும்போதுதான், அதாவது ரேபிஸ் மாதிரி இருந்தாத்தான், பெரும்பாலும் அரசுப் பணம் வரும். மிச்சமிருக்கிற பள்ளத்தை யார் நிரப்புறது? நன்கொடையாளர்கள்தான்.

அமெரிக்காவுல இதை எப்படிப் பண்ணாங்கன்னு பாருங்க. மார்க் மோரிஸ்னு ஒரு கால்நடை மருத்துவர். பார்வையற்றவருக்கு வழிகாட்டுற ஒரு நாய்க்கு சிறுநீரகக் கோளாறு வந்தப்ப அதுக்குன்னே ஒரு உணவு தயாரிச்சார். பிறகு ஹில்ஸ் நிறுவனம் அதை டின்ல அடைச்சு வித்தது. டின்னுக்கு அரை சென்ட் ராயல்டி. அந்த அரை சென்ட்டை வச்சு 1948-ல ஆரம்பிச்சதுதான் மோரிஸ் அனிமல் ஃபவுண்டேஷன். இன்னைக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கோல்டன் ரெட்ரீவர் நாய்களை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து கவனிக்கிற ஆய்வை அவங்கதான் நடத்துறாங்க. 2012-ல ஆரம்பிச்சது, இன்னும் போய்ட்டு இருக்கு. அதுல பணம் போட்டவங்க பட்டியல்ல குடும்ப அறக்கட்டளை, நாய் உணவு நிறுவனம், மருந்து நிறுவனம், தனி ஆட்கள் எல்லாரும் இருக்காங்க. நாய் வளர்க்கிறவங்களும் வருஷா வருஷம் நாயைக் கூட்டிட்டுப் போய் ரத்தம், முடி, நகம்னு மாதிரி கொடுக்கிறாங்க. அதுவும் ஒரு நன்கொடைதான், ரசீது மட்டும் கிடையாது.

இன்னொரு மாதிரியும் இருக்கு. 1995-ல ஆரம்பிச்ச ஏகேசி கெனைன் ஹெல்த் ஃபவுண்டேஷன். அங்க ஒவ்வொரு இனத்துக்கான கிளப்பும் தன் பெயர்ல ஒரு நிதி வச்சுக்கலாம். பணம் அறக்கட்டளையோட கணக்குல இருக்கும், ஆனா எந்த ஆய்வுக்குப் போகணும்னு கிளப் பரிந்துரை சொல்லும். ஆய்வு தரமானதான்னு முடிவு பண்றது அறிவியல் குழு. பணம் கொடுக்கிறவருக்கு ஆசை இருக்கலாம், ஆனா ஆய்வோட தரத்துக்கு மதிப்பெண் போடுறது அவர் வேலை இல்ல. எனக்கு இந்தப் பிரிவினை ரொம்பப் பிடிச்சது. ஆடிட் பண்றவனும் கணக்கு எழுதுறவனும் ஒரே ஆளா இருக்கக்கூடாதுன்னு நாங்க சொல்றதும் இதைத்தான்.

நம்ம ஊர்ல இது புதுசு இல்ல

"அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ல"ன்னு நினைக்காதீங்க. குன்னூர் போனவங்க பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1902-ல ஒரு இளம் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால இறந்தாங்க. அப்ப நாய்க்கடிக்கு ஊசி போடணும்னா தென்னிந்தியாவுல இருந்து இமயமலை அடிவாரத்துக் கசௌலி வரைக்கும் போகணும். போய்ச் சேர்றதுக்குள்ள எத்தனை பேருக்குக் காலம் கடந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. ஹென்றி ஃபிப்ஸ்னு ஒரு அமெரிக்க இரும்பு வியாபாரி, ஆண்ட்ரூ கார்னகியோட பங்குதாரர், வைஸ்ராய் கர்சன்கிட்ட கொடுத்த பெரிய நன்கொடையில இருந்து ₹1 லட்சம் இதுக்கு ஒதுக்கினாங்க. 1907-ல குன்னூர் நிலையம் திறந்தது. அதே நன்கொடையில இன்னொரு பகுதிதான் பீகார்ல பூசா விவசாய ஆராய்ச்சி நிலையமாச்சு.

நம்ம அப்பா அம்மா காலத்துல நாய் கடிச்சா தொப்புளைச் சுத்தி ஊசின்னு பயமுறுத்துவாங்களே, அது ஆட்டு மூளையில வளர்த்த பழைய மருந்து. 2004 கடைசியிலதான் நாட்டுல அதை நிறுத்தினாங்க. இப்ப கையில போடுற ஊசி வந்ததுக்குப் பின்னாடி எவ்வளவு வருஷ ஆராய்ச்சி, எவ்வளவு பேர் பணம்!

ஆனா ஊசி வந்தும் பிரச்சனை தீரல. தமிழ்நாட்டுல 2024-ல மட்டும் நாய்க்கடி சுமார் 4.8 லட்சம், ரேபிஸ் மரணம் 43. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா பிழைக்கிறது அநேகமா இல்ல. மனுஷனுக்கு எவ்வளவு ஊசி போட்டாலும், நாய்க்குப் போடாம இது நிக்காது. இதைக் கணக்கோட காட்டின இடம் கோவா.

2013-ல மிஷன் ரேபிஸ்னு ஒரு திட்டம் இந்தியாவுல ஆரம்பிச்சது. வேர்ல்ட்வைட் வெட்டரினரி சர்வீஸ்ங்கிற பிரிட்டிஷ் தொண்டு நிறுவனத்தோட வேலை. இதே நிறுவனத்துக்கு நம்ம நீலகிரியிலயும் கால்நடை மருத்துவர்களுக்கான பயிற்சி மையம் இருக்கு. கோவாவுல கூட்டணி எப்படின்னா, மாநில அரசு ஒரு பக்கம், டாக்ஸ் டிரஸ்ட்ங்கிற பிரிட்டிஷ் தொண்டு நிறுவனத்தோட பணம் ஒரு பக்கம், எம்எஸ்டி அனிமல் ஹெல்த் நிறுவனம் இலவசமா கொடுத்த தடுப்பூசி இன்னொரு பக்கம். வலையோட தெருத்தெருவா போய் நாயைப் பிடிச்சு, ஊசி போட்டு, அங்கேயே விட்டுடுவாங்க. ஒவ்வொரு நாயும் மொபைல் ஆப்ல பதிவாகும். எந்தத் தெரு விட்டுப்போச்சுன்னு மேப்ல தெரியும்.

இதோட முடிவு 2022-ல நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் ஆய்விதழ்ல வந்தது. 95,000-க்கும் மேல நாய்களுக்கு ஊசி, 70% அளவுக்குப் பாதுகாப்பு. மாசாமாசம் பதிவாகுற நாய் ரேபிஸ் 92% குறைஞ்சிருக்கு. அந்த ஆய்வுக் காலத்தோட முடிவுல, 2019 வாக்குல, மனுஷ மரணம் பூஜ்யத்துக்கு வந்திருக்கு. சிஏவா எனக்குக் கண்ணு போன இடம் வேற: நோயாலயும் மரணத்தாலயும் இழக்க இருந்த ஒரு ஆரோக்கியமான வருஷத்தைக் காப்பாத்த ஆன செலவு 526 டாலர்னு அதுல கணக்கு போட்டிருக்காங்க. நன்கொடை வாங்கின அமைப்பு "எவ்வளவு செலவு, அதுக்கு என்ன கிடைச்சது"ன்னு ஒரே வரியில சொல்லுதே, அதுதான் நான் தேடுறது. கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருக்கிற நாய்க்குட்டி போட்டோ இல்ல.

நம்ம கடற்கரைக்கும் இது பொருந்தும். கோவளத்துல இருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரைக்கும் ஈசிஆர்ல குப்பங்களும் ரிசார்ட்டும் மாறி மாறி வரும். மீன் கழிவு இருக்கிற இடத்துல நாய் இருக்கும், சுற்றுலாப் பயணி போடுற பிஸ்கட்டுக்கும் வரும். ஒரு நாய்க்கு ஓனர் யாருன்னு கேட்டா குப்பமே கை காட்டும். அதனாலதான் தெருவாரியா பதிவு பண்ற ஆய்வு இல்லாம, "500 நாய்க்கு ஊசி போட்டோம்"னு சொல்ற முகாம் எனக்குப் போதாது. 500 சரி, மொத்தம் எத்தனையில 500? கீழ இருக்க வேண்டிய எண் இல்லன்னா அது சதவீதமே இல்லையே.

கட்டடமா, சம்பளமா?

செங்கல்பட்டு பக்கம் திருமணியில எச்எல்எல் பயோடெக்கோட தடுப்பூசி வளாகம் இருக்கு. 2012-ல ₹594 கோடி மதிப்பீட்டுல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தயாரிக்கணும்னு நினைச்ச பட்டியல்ல மனுஷங்களுக்கான ரேபிஸ் தடுப்பூசியும் உண்டு. 2021 மே மாசம் முதலமைச்சர் ஸ்டாலின் நேர்ல வந்து பார்த்தப்பவும் அங்க உற்பத்தி ஆரம்பிக்கல. அரசியலுக்குள்ள நான் போகல. நிதிப் பாடம் மட்டும்: கட்டடத்துக்குப் பணம் கிடைக்கிற அளவுக்கு, அதை வருஷாவருஷம் ஓட்டுறதுக்குப் பணம் சுலபமா கிடைக்காது. நன்கொடையிலயும் இதேதான். கல்வெட்டுல பெயர் போடுற மாதிரி இருந்தா கொடுப்போம். ஆராய்ச்சி மாணவரோட மாசச் சம்பளத்துக்குக் கொடுன்னா யோசிப்போம்.

ஆனா ஆராய்ச்சின்னா பெரும்பாலும் அந்தச் சம்பளம்தான். அரசு நிர்ணயிச்ச ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோ உதவித்தொகை 2023-ல இருந்து மாசம் ₹37,000. அந்தப் பொண்ணோட ₹25,000 ஒரு ஆராய்ச்சி மாணவரோட ஒரு மாசத்துக்கே போதாது. கேட்டதும் முகம் வாடிப்போச்சு. "இருங்க"ன்னு சொல்லி கால்குலேட்டரை எடுத்தேன். 100 பேர் மாசம் ₹1,000 போட்டா வருஷத்துக்கு ₹12 லட்சம். ஒரு ஃபெல்லோவுக்கு வருஷம் ₹4.44 லட்சம் போக, ரத்தப் பரிசோதனைக்கும் வண்டிச் செலவுக்கும் ₹7.5 லட்சத்துக்கு மேல மிஞ்சும். எஸ்ஐபி உங்களுக்குப் புரியும்ல, அதே தத்துவம். ஒரு தடவை கொடுக்கிற ₹25,000-ஐ விட, மூணு வருஷத்துக்கு வரும்னு தெரிஞ்ச மாசம் ₹700 ஆராய்ச்சியாளருக்கு அதிக உபயோகம். ஆள் எடுக்க முடியும்ல.

உங்க கம்பெனியும் இதுக்குள்ள வரலாம். கம்பெனிகள் சட்டத்துல சிஎஸ்ஆருக்கு அனுமதிச்ச பட்டியல்ல விலங்கு நலனும் இருக்கு, அரசுப் பல்கலைக்கழகங்களோட ஆராய்ச்சியும் இருக்கு. ஊழியர் ஒரு ரூபாய் கொடுத்தா கம்பெனியும் ஒரு ரூபாய் போடுற திட்டம் இருக்கான்னு எச்ஆர்கிட்ட ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. காசு செலவில்லாத வேலை.

"வெளிநாட்டு அறக்கட்டளை நம்ம பல்கலைக்கழகத்துக்கு நேரா கொடுக்கலாமே"ன்னு கேட்கலாம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துல பதிவோ அனுமதியோ இல்லாத அமைப்பு அந்தப் பணத்தைத் தொட முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கின ஒரு அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாத்தியும் விட முடியாது. நிர்வாகச் செலவுக்கும் 20% தான் உச்சவரம்பு, முன்னாடி 50%. முறைகேட்டைத் தடுக்க வந்த விதிதான், ஆனா ஒரு தொண்டு நிறுவனம் வாங்கி, லேபுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற சங்கிலி இதுல அறுந்துபோச்சு. அதனால உள்ளூர்ப் பணத்தோட மதிப்பு முன்னைவிட இப்ப அதிகம்.

சரி, வரிக்கு வருவோம்

இது 2025-26 நிதியாண்டுக்கான கணக்கு. 2026 ஏப்ரல் 1-ல இருந்து புது வருமான வரிச் சட்டம் வருது, அதுல பிரிவு எண்கள் மாறும் (80ஜி அங்க 133, 80ஜிஜிஏ அங்க 135). இந்த வருஷத்துக்குப் பழைய எண்ணே.

எல்லாருக்கும் தெரிஞ்சது 80ஜி. விலங்கு நல அமைப்புகள் பெரும்பாலும் இதுலதான் வரும், கொடுத்ததுல பாதிக்குக் கழிவு, அதுவும் உங்க வருமானத்துல 10% வரம்புக்குள்ள. சம்பளக்காரர்கள் பலருக்குத் தெரியாதது 80ஜிஜிஏ. வியாபார வருமானம் இல்லாதவங்க, பிரிவு 35(1)-ல அறிவியல் ஆராய்ச்சிக்குன்னு அங்கீகாரம் வாங்கின அமைப்புக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கொடுத்தா, முழுத் தொகைக்கும் கழிவு. அந்த 10% வரம்பு இங்க இல்ல. ரெண்டுலயுமே ₹2,000-க்கு மேல ரொக்கமா கொடுத்தா கழிவு கிடையாது. நாய் உணவு மூட்டையா வாங்கிக் கொடுத்தாலும் கிடையாது. (வடநெம்மேலி முதலைப் பண்ணையில டிக்கெட் வாங்கினது நன்கொடையான்னு ஒருத்தர் கேட்டார். இல்லைங்க. அந்தக் காசு நல்ல காரியத்துக்குத்தான் போகுது, ஆனா உங்க ரிட்டர்ன்ல வராது.)

20% ஸ்லாப்ல இருக்கிறவருக்கு ₹25,000 கொடுத்தா, செஸ் சேர்த்து, 80ஜி-ல ₹2,600 மிச்சம், 80ஜிஜிஏ-ல ₹5,200 மிச்சம். கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஆனா இதெல்லாம் பழைய முறையில மட்டும்தான். புது வரி முறையில ரெண்டுமே பூஜ்யம்.

அந்தப் பொண்ணோட கணக்கைப் போட்டுப் பார்த்தோம். சம்பளம் ₹11 லட்சம். புது முறையில ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் ₹75,000 போக ₹10.25 லட்சம், ₹12 லட்சத்துக்குள்ள இருக்கிறதால ரிபேட் போய் வரி சுத்தமா இல்ல. பழைய முறையில ₹50,000-மும் 80சி-ல முழு ₹1.5 லட்சமும் கழிச்சா ₹9 லட்சம், வரி ₹96,200. நன்கொடைக்கு 80ஜிஜிஏ போட்டாலும் ₹91,000 கட்டணும். ₹5,200 மிச்சம் பிடிக்கப் போய் ₹91,000 கட்டுறதா? அவங்களுக்குச் சொன்னது இதுதான்: உங்களுக்கு இந்த நன்கொடையில வரிச் சலுகை கிடையாது. கொடுக்கணும்னு தோணினா மட்டும் கொடுங்க. எச்ஆர்ஏ, வீட்டுக் கடன் வட்டின்னு பெருசா கழிவு இருந்து ஏற்கெனவே பழைய முறையில இருக்கிறவங்களுக்குத்தான் மேல சொன்ன கணக்கு.

பழைய முறைக்காரர்கள் கவனிக்க வேண்டிய தாள் ஒண்ணு: ஃபார்ம் 10பிஇ. அமைப்பு கொடுக்கிற கலர் ரசீது போதாது. அவங்க உங்க பான் எண்ணோட வருமான வரித்துறைக்குத் தகவல் கொடுத்து, அடுத்த மே 31-க்குள்ள இந்தச் சான்றிதழை உங்களுக்குத் தரணும். அதுல எந்தப் பிரிவுல கழிவுன்னு ஒரு வரி இருக்கும், 80ஜியா ஆராய்ச்சியான்னு அங்கதான் தெரியும். நன்கொடை வகைன்னும் ஒரு வரி இருக்கும். குறிப்பிட்ட ஆய்வுக்குன்னு கொடுத்தா, பணம் அனுப்புற அன்னைக்கே மெயில்ல அதை எழுதிடுங்க. இல்லன்னா உங்க பணம் பொதுக் கணக்குல கலந்துடும், நாளைக்கு ஆம்புலன்ஸ் டீசலுக்குப் போயிருக்கும். டீசலும் தேவைதான், ஆனா நீங்க அதுக்குக் கொடுக்கல.

நானே இதுல ஏமாந்திருக்கேன். ஆர்ட்டிகிள்ஷிப் முடிச்சு முதல் சம்பளம் வாங்கின வருஷம், ஒரு அமைப்புக்கு ₹5,000 ரொக்கமா கொடுத்துட்டு ரசீதை ஃபைல்ல வச்சிருந்தேன். கழிவு கிடைக்கல. சிஏ படிச்சவன்! பணம் என்ன ஆச்சுன்னும் இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

இப்ப அந்த வாட்ஸ்அப் ஃபார்வர்ட். "₹25,000 அனுப்புங்க, ஆராய்ச்சி நன்கொடை சர்டிஃபிகேட் தர்றோம், ₹22,000 உங்க கணக்குக்கே திரும்பி வரும்." இப்படிக் கேட்டவங்க யாரா இருந்தாலும் அந்த நம்பரை பிளாக் பண்ணுங்க. 2025 ஜூலை 14 அன்னைக்கு வருமான வரித்துறை பொய்க் கழிவுகளைத் தேடி நாடு முழுக்க 150 இடங்கள்ல சோதனை போட்டுது. அவங்க சொன்ன பிரிவுகள் பட்டியல்ல 80ஜி, 80ஜிஜிஏ ரெண்டுமே இருந்துச்சு. தப்பான தகவல் கொடுத்து வருமானத்தைக் குறைச்சுக் காட்டினா, ஏய்ச்ச வரியில 200% வரைக்கும் அபராதம். ₹5,200 வரிக்கு ₹10,400 அபராதம், வட்டி தனி. நோட்டீஸ் வர்றது உங்க பேருக்கு, சர்டிஃபிகேட் கொடுத்தவனுக்கு இல்ல.

கடைசியில அந்தப் பொண்ணு என்ன பண்ணாங்கன்னு கேட்பீங்க. மூணு அமைப்புக்கு ஒரே மெயில் அனுப்பினாங்க: உண்ணிக் காய்ச்சல் பத்தி இப்ப என்ன ஆய்வு நடக்குது, யார் நடத்துறாங்க, நெறிமுறைக் குழு அனுமதி இருக்கா, போன வருஷ ஆய்வுக்கு வாங்கின பணத்துல எவ்வளவு செலவாச்சு. ஒண்ணு பதிலே போடல. ஒண்ணு அழகான பிரோஷர் அனுப்பிச்சு. மூணாவது இடத்துல இருந்து ஒரு டாக்டரே போன் பண்ணி, "ஆய்வு நடக்குதும்மா, ஆனா எங்களுக்குப் பணத்தைவிட முதல்ல வேண்டியது உங்க ஏரியா நாய்களோட ரத்த மாதிரி"ன்னு சொல்லியிருக்கார். இப்ப மாசம் ₹700 ஆட்டோ டெபிட் போகுது. ஞாயித்துக்கிழமை காலையில தேவனேரி பக்கம் அந்த டீமோட நாய் பிடிக்க இவங்களும் போறாங்க. மெயில்ல "உண்ணிக் காய்ச்சல் ஆய்வுக்கு மட்டும்"னு எழுதச் சொன்னேன், எழுதிட்டாங்க. மே 31 தாண்டியும் 10பிஇ வரலன்னா ஜூன் முதல் வாரம் எனக்கு ஒரு போன் போடச் சொல்லியிருக்கேன்.